பாடி கட்டப் போன வண்டி

காற்று மட்டும் இன்றைக்கு இப்படி அடிக்காமல் இருந்திருக்கலாம் என்று தங்காயி நினைத்தாள். ஆடி மாசத்தில் அடிக்காத காற்று வேறு எந்த மாசத்தில் அடிக்கப் போகிறது, அதெல்லாம் தெரிந்ததுதான், ஆனாலும் பரமத்தி ரோட்டில் பிக்கப் திரும்பியதும் பக்கத்திலிருந்து ஓங்கி ஒரு அறை அறைந்ததே, அப்போது அவள் பயந்தது வண்டிக்காக இல்லை, ஒரு தார்ப்பாய்க்காக. காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிக்கந்தர் பாயின் பழைய இன்ஜின் கடையில், பின்னால் வேலியோரம் கியர்பாக்ஸ் குவியலுக்கு அக்கட்ட அந்தத் தார்ப்பாய் கிடக்கிறது. அதற்கடியில் ஒரு லாரியின் கேபின். கிளிப்பச்சைப் பெயிண்ட், கதவில் மஞ்சள் எழுத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற புருசன் பேரும் ஊரும். இவர் அதைப் பார்த்துவிடக் கூடாது. இன்றைக்கு அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான், வேறு எதையும் அவள் எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை. பாய் நல்ல மனுசர், கயிறு போட்டுத்தான் கட்டி வைத்திருப்பார். கயிறு போட்டுக் கட்டினாரா, சும்மா மேலே நாலு கல்லைத் தூக்கி வைத்தாரா? போன தடவை பார்த்தபோது கயிறு இருந்தது. இருந்ததா? ஓரமெல்லாம் பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டிருந்ததே, அது கயிறு கட்டின தார்ப்பாய் அடிக்கிற அடியா? ரோட்டோரம் ஒரு சோளக்காடு மொத்தமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. ஒரு ஆள் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டியும் காற்று அதை உருவிக்கொண்டு போக, அவன் பின்னாலேயே ஓடினான். வேறு நாளாக இருந்தால் தங்காயி சிரித்திருப்பாள்.

வண்டியை ஓட்டுவது அவள் தம்பி குழந்தைவேலு. நடுவில் அவர், கதவோரம் அவள். அர்த்தநாரிக்கு நடுவில் உட்காருவது பிடிக்கவே பிடிக்காது, காலமெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்த ஆளை இரண்டு பேருக்கு நடுவில் மூட்டை மாதிரி வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும். ஆனால் கதவோரம் விட்டால் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிடுகிறார், மாசிக்கு முன்னால் ஒருமுறை திறந்தேவிட்டார், அதிலிருந்து இப்படித்தான். குழந்தைவேலு பிரேக் பிடிக்கக் கொஞ்சம் தாமதித்தால் இவருடைய வலது கால் தானாகவே கீழே தகரத்தை அழுத்துகிறது. அந்தக் காலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு என்னவோ செய்யும். பேர் மறந்து, நாள் மறந்து, தின்ற சோறு மறந்து போன உடம்பில் அந்தக் கால் மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. "எங்க மாப்ள போறோம்?" என்றார் அவர். "இன்ஜின் பாக்கறதுக்கு மாமா." "யாரு வண்டிக்கு?" "நம்ம வண்டிக்குத்தான் மாமா." "ஆமா, நம்ம வண்டி. வண்டி எங்க நிக்குது?" குழந்தைவேலு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பொய்யை மட்டும் அவன் சொல்ல மாட்டான், அது உன் பொய், நீயே சொல் என்று விட்டுவிடுவான், ரொம்ப யோக்கியன். "நாமக்கல்லுக்குப் பாடி கட்டப் போயிருக்குங்க," என்றாள் தங்காயி. "ஆமா. பாடி கட்டி வந்தா இன்ஜின் வேணுமில்ல." "வேணுமுங்க." அவர் திருப்தியாகத் தலையாட்டினார். பாடி கட்டப் போயிருக்கு. முதல் தடவை இந்தப் பொய் எப்படித்தான் வாயில் வந்ததோ, யோசித்தெல்லாம் சொல்லவில்லை. வாசலில் வந்து நின்று, வேப்பமரத்தடி காலியாகக் கிடப்பதைப் பார்த்து, வண்டி எங்க புள்ள என்று அவர் கேட்டபோது நாக்கு தானாக அந்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தது. இந்தப் பக்கத்தில் ஒரு லாரி வீட்டில் இல்லையென்றால் ஒன்று லோடுக்குப் போயிருக்கும், இல்லையென்றால் நாமக்கல் பட்டறையில் சேசிஸ் மேல் பாடி கட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அன்றிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் நடுவில் ஒரு இடத்தில் நாக்கு தடுக்குகிறது. ஒருநாள் அவசரத்தில் பாடை கட்ட என்று வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. அவள் சமையல்கட்டுக்குள் போய் வாயில் அடித்துக்கொண்டாள். இப்போதும் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள், பாடி, பாடி என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

லாரிக்காரர் பெண்டாட்டிகள் புருசனிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டார்கள். எங்க நிக்கிறீங்க என்றுதான் கேட்பார்கள். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, ஓட்டலில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாலும் சரி, நிற்கிறதுதான். பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்ட காலத்திலும், கைப்போன் வந்த பிறகும், அவள் முதல் பேச்சு அதுவாகத்தான் இருந்தது. "எங்க நிக்கிறீங்க?" "விஜயவாடால நிக்கறேன்." "எங்க நிக்கிறீங்க?" "நாக்பூர்ல, ஆரஞ்சு லோடு ஏறுது." அந்த ஊர்களையெல்லாம் அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை, ஆனால் அவை எந்த வரிசையில் வரும் என்று தெரியும், நாக்பூர் என்றால் இன்னும் எத்தனை நாள், கர்னூல் என்றால் இன்னும் எத்தனை நாள் என்று வயிறு கணக்குப் போட்டு வைத்திருக்கும். கடைசியாக வருகிற போனுக்கு அவள் எங்க நிக்கிறீங்க என்று கேட்கவே தேவையில்லை. ஆனாலும் கேட்பாள். "வந்துட்டேன் புள்ள. வாசல்ல நிக்கறேன். கதவத் தொற." இருக்கிற ஊர்ப் பேரிலேயே அதுதான் அவளுக்குப் பிடித்த ஊர். கதவைத் திறந்ததும் "என்ன இத்தன நேரம்?" என்பார். "கண்ணசந்துட்டனுங்க," என்பாள். சுத்தப் பொய். லாரிச் சத்தம் ஊர் மலையடியில் திரும்பும்போதே எழுந்து, முகம் கழுவி, தலை சீவி, கதவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள். அப்படிக் காத்துக்கிடந்தேன் என்று ஆம்பளையிடம் சொல்ல ஒரு கூச்சம், சொன்னால் இளப்பமாகப் போய்விடும் என்று ஒரு வீம்பு. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இப்போது சொன்னாலும் போய்ச் சேராது. ஈரோட்டு டாக்டர் அவரைக் கேட்டார், ஐயா இது எந்த ஊரு சொல்லுங்க. அவர் கொஞ்சங்கூடத் தயங்காமல், "நாக்பூர். ஆரஞ்சு லோடு," என்றார். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். தங்காயிக்குக் கோபம் வந்தது, அந்த மனுசர் எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊரைச் சொல்கிறார், இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது. எதிர்த்துப் பேசாதீங்கம்மா, அவர் சொல்ற எடத்துக்கு நீங்க போங்க, அவர இழுக்காதீங்க என்றார் டாக்டர். அதிலிருந்து காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் கேட்கிறாள், எங்க நிக்கிறீங்க. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்கிறார். ஒருநாள் குண்டூர். ஒருநாள் சோலாப்பூர். ஒருநாள், தெரியல புள்ள, மழ ரொம்ப அடிக்குது, ஒண்ணுந் தெரியல. சொந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இதுவரைக்கும் ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை. கேட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். வண்டி வரவே மாட்டேன் என்கிறது.

இந்த வியாதி முதலில் வந்தது அந்த இன்ஜினில்தான். அவளுக்கு இப்போதும் அப்படித்தான் தோன்றும், இவரைத் தொடுவதற்கு முன்னால் அது வண்டியைத்தான் தொட்டது என்று. ஊரார் வண்டியை ஓட்டி ஓட்டிக் கடைசியில் சொந்தமாக வாங்கின பழைய லாரி. ஒருநாள் சாயங்காலம் எண்ணெய் மாற்றுவதற்காகப் பழைய எண்ணெயை அடியில் வடிய விட்டார். மறுநாள் காலையில் புது எண்ணெய் ஊற்றாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ராசிபுரம் தாண்டுவதற்குள் இன்ஜின் எண்ணெயில்லாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. லாரி ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள், அர்த்தநாரிக்கு வயசாயிருச்சு என்றார்கள். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார், சோப்பு கரைந்து போகிற வரைக்கும். "நான் ஊத்துனேன் புள்ள, ஊத்துனது நல்லா நெனப்பு இருக்குது," என்றார். அவள் என்ன சொன்னாள்? விடுங்க, ஒரு இன்ஜின்தானே போச்சு என்றாள். ஒரு இன்ஜின்தானே. அதற்குப் பிறகு வேப்பமரத்தடியில் இன்ஜின் இல்லாமல் நின்ற வண்டியை அவரே தனியாளாகப் புதுசு பண்ண ஆரம்பித்தார். துருவைச் சுரண்டினார், தட்டி நிமிர்த்தினார், ஒயர் இழுத்தார், கதவுக் கீலுக்கெல்லாம் கிரீஸ் வைத்துச் சத்தமே வராமல் பண்ணினார், கிளிப்பச்சை அடித்துவிட்டு நாலு நாள் கிட்டேயே விடவில்லை. எதை மறந்தாலும் அந்த வேலையில் கை பிசகவில்லை. கண்ணாடிக்கு மேலே கட்டுகிற தொங்கலுக்கு அவளுடைய வாடாமல்லிப் புடவையைக் கேட்டார். கட்டுகிற புடவையைக் கேட்கிறார் பாரு என்று சண்டை போட்டுவிட்டு, அப்புறம் முந்தானையை வெட்டி அவளே சுருக்கு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். இன்ஜின் ஒண்ணு கெடச்சிட்டாப் போதும் புள்ள, மொத லோடு உன்னத்தான் கூட்டிட்டுப் போறேன், நாக்பூரக் காட்டறேன் என்றார். அவளும் போகலாமே என்று நினைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பையில் எந்தப் புடவைகளை எடுத்து வைப்பது என்றுகூட யோசித்திருக்கிறாள்.

பாலத்துக்கு முன்னால், பரமத்தி வேலூரில் காப்பிக்கடை ஓரமாகக் குழந்தைவேலு வண்டியை நிறுத்தினான். கீழே இறங்கியதும் காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. கடைக்காரன் வெற்றிலைக் கூடைக்கு மேலே ஈரச் சாக்கைப் போட்டு, அதற்கு மேலே படிக்கல்லைத் தூக்கி வைத்தான், அதையும் மீறிச் சாக்கு ஒரு மூலையில் எழும்பி எழும்பி விழுந்தது. அவள் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல் போதாது. கயிறுதான் வேணும். போன் பண்ணி பாயிடம் கேட்டுவிடலாமா, கட்டியிருக்கிறீர்களா அண்ணா என்று, ஆனால் இவர் பக்கத்திலேயே நிற்கிறார். குழந்தைவேலுவைத் தள்ளிக் கூப்பிட்டு, நீ ஒரு போனப் போட்டுக் கேளுடா என்றாள். அவன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. "எடுக்கலக்கா. கடையில சத்தத்துல கேக்காது. ஒண்ணும் ஆவாது, வா." ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு எல்லாம் சுலபம். திரும்பி வந்தபோது அர்த்தநாரி காப்பி டம்ளரோடு பிக்கப் மேல் சாய்ந்து நின்றுகொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார், ஒரு மரியாதையோடு, தள்ளி நின்று. "உங்களுக்கு எந்த ஊருக்குங்க போவோணும்?" என்றார். அந்த 'ங்க'தான் அவளைக் கொன்றது. கலியாணம் ஆன நாளிலிருந்து புள்ள என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டறியாத வாய். பஸ் போய்விட்ட ரோட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பொம்பளைகளிடம் இப்படித்தான் கேட்டிருப்பார் போலிருக்கிறது. நல்ல டிரைவர். "திருச்செங்கோட்டுக்குங்க," என்றாள். "அப்பிடியா, நமக்கும் திருச்செங்கோடுதான். ஏறிக்குங்க, எறக்கி விட்டுட்டுப் போறேன். வீட்டுல காத்துட்டு இருப்பாங்கல்ல?" "இருப்பாங்க," என்றாள். பிறகு, எதற்கென்றே தெரியாமல், "உங்க வீட்டுலயும் காத்துட்டு இருப்பாங்களா?" என்று கேட்டாள். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "எங்கீங்க. அவ நல்லாத் தூங்கிருவா. கதவத் தட்டித் தட்டித்தான் எழுப்போணும்." குழந்தைவேலு வேறு பக்கம் பார்த்தான். தங்காயி காப்பியைக் கீழே ஊற்றிவிட்டு டம்ளரைக் கடையில் வைத்தாள்.

பாலத்தில் ஏறும்போது காவிரி இரண்டு கரையும் தொட்டுக் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. ஆத்தா, தாயே, அந்தத் தார்ப்பாயை மட்டும் பார்த்துக்கொள் என்று கை கூப்பினாள், ஆற்றிடம் போய்த் தார்ப்பாயைப் பற்றி வேண்டிக்கொள்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்றும் நினைத்தாள். விற்காமல் இருந்திருக்கலாம். இந்த நினைப்பு பாலத்தில் எப்போதும் வரும். வேறு வழி என்ன இருந்தது? ஒருநாள் அவர் கேபினில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை எடுத்துவிட்டார், வாசல் சரிவில் இன்ஜின் இல்லாத அத்தனை பெரிய வண்டி சத்தமே இல்லாமல் உருண்டு போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் மோதி நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்த வீட்டுக் குழந்தை மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. யாரும் அவளை ஏசவில்லை, ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் மட்டும் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் வண்டிய நிறுத்துனீங்க? கர்னூல் இன்னும் வல்லியே," என்றார். அதற்கடுத்து தம்பி மட்டும் அவரை ஈரோட்டுக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு, பாயின் ஆட்கள் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். வேப்பமரத்தடியில் எண்ணெய்க் கறையும் சக்கரத் தடமும் மட்டும் இருந்தன. அவள் விளக்குமாற்றை எடுத்துத் தடத்தைப் பெருக்கினாள். பெருக்கும்போது எங்கேயிருந்துதான் அப்படி ஒரு அழுகை வந்ததோ, விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சேசிஸ் போய்விட்டது, சக்கரங்கள் போய்விட்டன, எல்லாம் யார் யாருக்கோ. கேபினை மட்டும் யாரும் கேட்கவில்லை, பழைய மாடல். அறுத்துப் போட்டுரட்டுமா தங்கச்சி என்று பாய் கேட்டார். வேண்டாமுங்க அண்ணா, கொஞ்ச நாள் கெடக்கட்டும் என்றாள். இன்றைக்கு இந்தப் பாடு அதனால்தான். அறுத்துப் போடச் சொல்லியிருந்தால் காற்று அடித்தால் அவளுக்கென்ன, புயல் அடித்தால்தான் என்ன. ஆனால் அந்தத் தொங்கல் அதில் இருக்கிறதே. சுருக்கு வைத்துத் தைத்தது. அறுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

கடை வாசலில் கால் வைக்க இடம் கிடையாது, டயரின் மேல் இன்ஜின், இன்ஜினுக்குப் பக்கத்தில் இன்ஜின், எங்கும் எண்ணெய் ஊறிக் கறுத்த மண். சிக்கந்தர் பாய் எழுந்து வந்தார். "வாங்க மச்சான், வாங்க." "என்னத் தெரியுமுங்களா பாய்?" என்று இவர் கேட்க, "உங்களத் தெரியாம என்ன," என்று பாய் எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னார். பாயின் முகத்தைத்தான் தங்காயி பார்த்தாள், தார்ப்பாயைப் பற்றி அதில் ஏதாவது தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியவில்லை, பாவம், மனுசருக்கே தெரியாதோ என்னவோ, காலையிலிருந்து வியாபாரத்தில் இருந்திருப்பார். பின்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றால் இவர் அவள் முந்தானையைப் பிடித்தபடியே வருகிறார், கூட்டத்தில் அப்படிப் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பாய் எப்போதும் காட்டுகிற அந்த ஒரு இன்ஜினிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த இன்ஜினை அவர் வேறு யாருக்கும் காட்டுவதில்லை, அது மச்சானுக்குன்னே வெச்சிருக்கேன் தங்கச்சி என்பார். அர்த்தநாரி குந்தி உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே ஆள் மாறிப்போனார், முந்தானையை விட்டுவிட்டார், தோள் அகலமானது. எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவி, நுனியை விரலில் தேய்த்து, மோந்து, வெளிச்சத்தில் காட்டினார். மோர் மாதிரி வெளுத்திருந்தது. "எண்ணெயில தண்ணி கலந்திருக்குது பாய். கேஸ்கெட் போன இன்ஜின். இது ஆவாது." இன்ஜின் பார்க்கணும் என்று இவர் அடம்பிடித்து வரும்போதெல்லாம் இதே இன்ஜின், இதே கம்பி, இதே பதில். பாயும் ஒவ்வொரு தடவையும் புதுசாக அசந்து போவார். "அடடா, இது தெரியாமப் போச்சே மச்சான். வேற நல்லதா வந்தாச் சொல்லி விடறேன்." இத்தோடு முடிந்துவிடும். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சந்தோசமாக வண்டி ஏறிவிடுவார். ஏமாறாமல் தப்பித்த ஆளின் சந்தோசம். போகிற வழியெல்லாம் அந்தச் சந்தோசம் இருக்கும், வீடு போய்ச் சேர்வதற்குள் எதற்கு என்பது மறந்துபோகும். போலாமுங்களா என்று தங்காயி அவர் கையைப் பிடித்தாள். அப்போதுதான் பின்னால் படாரென்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். தார்ப்பாய் ஒரு மூலையில் மட்டும் மாட்டிக்கொண்டு வேலியின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. கேபின் வெயிலில் நின்றது, அப்படியே கிளிப்பச்சையாக.

அவள் கையை உதறிவிட்டு அவர் நடந்தார். கியர்பாக்ஸ் குவியலைச் சுற்றிக்கொண்டு, வேகமாக, தடுமாறாமல். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். குழந்தைவேலு ஓட எடுத்தான், தங்காயி வேண்டாம் என்று கையைக் காட்டினாள், ஏன் காட்டினாள் என்று தெரியவில்லை, கால்கள் அவளைக் கேட்காமலே அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தன. என்ன சொல்வது. குழந்தை செத்திருக்குமே என்று சொல்லலாமா. நான்தான் வித்தேன், அடிங்க என்று காலில் விழலாமா. அவர் கதவருகே நின்று மஞ்சள் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தார். "அர்த்தநாரியாம்," என்றார் அவர் திரும்பி. "நம்ம பேருதான் போட்டிருக்கான். திருச்செங்கோடுதானாம்." பாய் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "எங்க ஊர்ல தெருவுக்கு நாலு அர்த்தநாரி பாய். தேர் அன்னைக்கு அர்த்தநாரின்னு ஒரு கொரல் குடுத்தா பத்துப் பேரு திரும்புவான். இவன் எந்த அர்த்தநாரின்னு தெரியலயே." கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. "பாருங்க, கீலுக்கெல்லாம் கிரீஸ் வெச்சிருக்கான். ஒயரு பாருங்க, என்ன சுத்தம். எவனோ உசுரா வெச்சிருந்திருக்கான் இத." உள்ளே கையை விட்டு, காற்றில் ஆடிக்கொண்டிருந்த வாடாமல்லித் தொங்கலை நிறுத்திப் பிடித்தார். "இது கடையில வாங்கினதில்ல. பொண்டாட்டி தெச்சது." கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடி நின்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "போய்ச் சேந்துட்டான் போல இருக்குது பாய் அவன். இல்லாட்டி இது இங்க வருமா?" தொங்கலை மெதுவாக விட்டார். "பாவம். அந்தப் பொம்பள என்னதான் பண்ணுவா, தனியா. ஊரு ஏதாச்சும் பேசும், வித்துப் போட்டான்னு. அவள ஒண்ணுஞ் சொல்லக் கூடாது." துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அந்தச் செத்துப்போன அர்த்தநாரிக்காக. இவ்வளவு நாளும் அவள் பயந்ததெல்லாம் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான். வழியெல்லாம், வேலூரில், பாலத்தில், அதைத்தான் வேண்டாம் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். வேண்டினது அப்படியே கிடைத்தது. ஒரே ஒரு தரம், ஏன்டி வித்தே என்று அவர் கேட்டுவிடக் கூடாதா என்று இப்போது அவளுக்கு இருந்தது.

அவர் படியில் கால் வைத்து ஏறினார். எந்தக் கால் முதலில், எந்தக் கை எங்கே என்று யோசிக்கவேயில்லை. சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டியரிங் இல்லை, அதை எப்போதோ யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கீழே இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் புல் முளைத்திருந்தது. இருந்தாலும் இரண்டு கையும் முன்னால் எழுந்து, இருக்க வேண்டிய இடத்தில் நின்றன. கண்ணாடி போன சட்டத்தின் வழியாக நேரே பார்த்தார். பார்வை போன இடத்தில் வேலியும் கருவேலஞ்செடியும்தான் இருந்தன, ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. காற்று தொங்கலை மறுபடியும் ஆட்டியது. மாமாவ எறக்கட்டுமாக்கா என்று பின்னாலிருந்து குழந்தைவேலு மெதுவாகக் கேட்டான். இரு என்றாள். கதவுக்கு அருகில், மஞ்சள் எழுத்துக்கு நேராக, தலையை அண்ணாந்து நின்றாள். தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்து வாயில் வந்து விழுந்தது, இரண்டு கையாலும் ஒதுக்கிச் சரிபண்ணிக்கொண்டாள், முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்க," என்றாள். "எங்க நிக்கிறீங்க?" வலது கால் மெல்லக் கீழே போய் அழுத்தியது. கை இடது பக்கம் போய், இல்லாத கியரைத் தள்ளி, இல்லாத சாவியைத் திருகியது. பிறகு பெருமூச்சு விட்டார், ரொம்ப தூரம் வந்த ஆள் விடுகிற பெருமூச்சு. "வந்துட்டேன் புள்ள," என்றார். "வாசல்ல நிக்கறேன். கதவத் தொற." பிடியைத் தேடிப் பிடித்துக் கதவைத் திறந்தாள், அது சத்தமில்லாமல் திறந்துகொண்டது. அவர் குனிந்து அவளைப் பார்த்தார், அவளைத்தான். முகமெல்லாம் அலுப்பு. "என்ன இத்தன நேரம்?" என்றார்.

"கண்ணசந்துட்டனுங்க," என்றாள் தங்காயி.